கோரைக்கு மருந்தடித்த பிறகு புல்தரையில் என்ன நடக்கும்?

மருந்து வாங்கிக்கொண்டு போனவர் எட்டாம் நாள் உரக்கடை வாசலில் வந்து நிற்பார். "அண்ணே, கோரை அப்படியே நிக்குது. நம்ம புல்லுதான் மஞ்சளாயிருச்சு. டூப்ளிகேட் மருந்தக் குடுத்துட்டீங்களா?" கம்பம், கூடலூர், குமுளிப் பக்கம் வீட்டு முன்னாலும் தங்கும் விடுதிகளிலும் புல்தரை போடுவது பெருகிவிட்டதால் இந்தக் கேள்வியும் பெருகிவிட்டது. மருந்து பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். எட்டாம் நாளில் கோரை பச்சையாக நிற்பதும் புல் லேசாக வெளுப்பதும் அந்த மருந்தின் இயல்பு. அது தெரியாமல் ஒன்பதாம் நாள் இன்னொரு டேங்க் அடிப்பவருக்குத்தான் உண்மையான சேதம் வருகிறது: கோரை போகிறதோ இல்லையோ, புல் போய்விடும்.

ஆகவே மருந்தடித்த முதல் நாளிலிருந்து இரண்டு மாதம் வரை எதை எதிர்பார்க்கலாம், எதற்குப் பதறத் தேவையில்லை, எதற்குப் பதற வேண்டும் என்று பார்ப்போம்.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வேகம்

களைக்கொல்லிகள் எல்லாம் ஒரே வழியில் கொல்வதில்லை. புல்தரைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று நான்குதான்.

முதலாவது 2,4-டி. இது அகன்ற இலைக் களைகளுக்கானது: மூக்குத்திப்பூ என்றும் வெட்டுக்காயப்பூண்டு என்றும் சொல்லும் செடி, அம்மான் பச்சரிசி, மூக்கிரட்டை, சாரணை, நெருஞ்சி, பார்த்தீனியம். செடிக்குள் இயல்பாகவே வளர்ச்சியை நடத்தும் ஒரு சுரப்பு உண்டு. 2,4-டி அதைப் போலவே நடித்து, அளவுக்கு மீறி வளரச் சொல்கிறது. தண்டு ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் வளர்வதால் செடி கயிறு முறுக்கினாற்போல் திருகிக்கொள்ளும். அடித்த மறுநாளோ இரண்டாம் நாளோ இது தெரியும். சிலருக்கு இதுவே கவலை: "களை நெட்டையாகிக்கிட்டே போகுதே!" ஆம், போகும். சாகும்முன் அப்படித்தான் நீளும். பத்தாம் நாளுக்கு மேல் பழுப்பாகி, இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்துவிடும். இந்த மருந்து கோரையின் தலையைச் சுட்டாலும் கிழங்கைக் கொல்லாது. கோரைக்காக இதை வாங்குவது வீண் செலவு.

இரண்டாவது, கோரைக்கென்றே வரும் ஹாலோசல்ஃபியூரான். கரும்பு, மக்காச்சோளத்தில் கோரையை அடக்க வந்த மருந்து. செடி புதுப் புரதம் செய்யத் தேவையான சில அமினோ அமிலங்களை உண்டாக்கும் நொதியை இது முடக்கிவிடுகிறது. அதாவது அடுப்பை அணைத்துவிடுகிறது, ஆனால் பானையில் ஏற்கெனவே சோறு இருக்கிறது. சேமித்து வைத்ததைத் தின்று கோரை ஒரு வாரம் பச்சையாகவே நிற்கும். அதே சமயம் வளர்ச்சி அடித்த ஓரிரு நாளிலேயே நின்றுபோயிருக்கும். இதுதான் கவனிக்க வேண்டிய அறிகுறி. நான்காம் நாள் புல் வளர்ந்து கோரை வளராமல் நின்றால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். ஏழாம் நாள் வாக்கில் நடுக்குருத்து வெளுக்கும், நுனி செம்பழுப்பாகும், மூன்றாம் வாரம் முடியும்போது தாள் சாயும். அகன்ற இலைக் களைகளுக்கு வரும் மெட்சல்ஃபியூரானும் இதே குடும்பம், இதே மந்தம்.

மூன்றாவது பெண்டிமெத்தலின். இது முளைக்கும் விதையைத்தான் தடுக்கும். முளைத்து நிற்கும் களைக்கு ஒன்றும் செய்யாது. இதை அடித்துவிட்டுக் களை சாகவில்லையே என்று காத்திருப்பவர்கள் உண்டு. சாகாது. இனிமேல் வரவிருப்பது வராது, அவ்வளவுதான். கை, காங்கிரீட் தளம் எல்லாம் மஞ்சள் கறை படியும் என்பது இதற்கான உபரித் தகவல்.

கிளைபோசேட்டும் பாராகுவாட்டும் புல்லையும் சேர்த்துக் கொல்பவை. புல்தரைக்குள் இவற்றுக்கு இடமில்லை. பாராகுவாட் வெயிலில் சில மணி நேரத்திலேயே இலையைக் கருக்கிவிடும், அந்த வேகம்தான் மயக்குகிறது. ஆனால் வேரும் கிழங்கும் அப்படியே இருக்கும். மனிதர் உடம்புக்குள் போனால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. எல்லையோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: கேரளத்தில் 2019 முதல் கிளைபோசேட்டுக்குத் தடை உள்ளது. நடுவண் அரசும் 2022 அக்டோபரில், பூச்சிக் கட்டுப்பாட்டைத் தொழிலாகச் செய்பவர்கள் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது. கம்பத்தில் வாங்கிக் குமுளி மலையேற்றும் பாட்டில் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் வேறு சட்டத்துக்குள் போகிறது. அந்தப் பக்கம் என்றால் கேரள வேளாண் அலுவலகமான கிருஷி பவனிலும், இந்தப் பக்கம் என்றால் வேளாண் விரிவாக்க மையத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

அளவு: சென்ட் கணக்கு

பின்னால் வரும் பிரச்சினைகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன. பாக்கெட்டில் ஏக்கர் கணக்கில் போட்டிருப்பார்கள், நம் புல்தரையோ நாலைந்து சென்ட். ஏக்கர் அளவை நூறால் வகுத்தால் சென்ட் அளவு. ஹாலோசல்ஃபியூரான் 75 சதவீதக் குருணை ஏக்கருக்கு 36 கிராம் என்றால், சென்டுக்கு 0.36 கிராம். ஐந்து சென்டுக்கு ஒன்றே முக்கால் கிராம் சொச்சம். இதை ஸ்பூனாலும் பாட்டில் மூடியாலும் அளக்கவே முடியாது. நகைக்கடையில் இருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு, நூறில் ஒரு கிராம் வரை காட்டுவது, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். "ஒரு சிட்டிகை" போட்டவர்களின் புல்தரைதான் பெரும்பாலும் திட்டுத்திட்டாக வெளுக்கிறது.

தண்ணீர் ஏக்கருக்கு 200 லிட்டர் என்று வைத்தால் சென்டுக்கு 2 லிட்டர். பதினாறு லிட்டர் பேட்டரி டேங்க் எட்டு சென்டுக்குச் சரியாக வரும். அந்த டேங்குக்கு மேலே சொன்ன கோரை மருந்து 2.9 கிராம். 2,4-டி சோடியம் உப்பு 80 சதவீதத் தூள் ஏக்கருக்கு 500 கிராம் என்றால் சென்டுக்கு 5 கிராம், டேங்குக்கு 40 கிராம். நீங்கள் நடக்கும் வேகத்தில் உண்மையிலேயே சென்டுக்கு 2 லிட்டர்தான் விழுகிறதா என்று பார்க்க, 20 அடிக்கு 22 அடி கயிறு கட்டி வெறும் தண்ணீரை அடித்துப் பாருங்கள். அது ஏறக்குறைய ஒரு சென்ட்.

இந்த மருந்துகளின் உறையில் பொதுவாகப் பயிர்களின் பெயர்தான் இருக்கும். புல்தரைக்கு என்று தனியாக எழுதியிருக்காது. அதனால் முழுத் தரைக்கும் அடிக்கும்முன் ஓரமாக ஒரு பாய் அளவு இடத்தில் அடித்துவிட்டு இரண்டு வாரம் பார்ப்பது அவசியம். நன்றாக வேர்பிடித்த கொரியன் புல்லும் அருகம்புல் வகைகளும் ஹாலோசல்ஃபியூரானைத் தாங்கும், 2,4-டியையும் அளவோடு அடித்தால் தாங்கும். கேரளப் பக்கம் நிழலுக்கு விரும்பிப் போடும் அகல இலைப் பஃபலோ புல் 2,4-டிக்கு நோகும். அதில் 2,4-டியைத் தவிர்ப்பதே மேல். புதிதாகப் புல்பாய் விரித்தோ பதியன் போட்டோ இரண்டு மாதம் ஆகாத தரையில் எதையும் அடிக்க வேண்டாம். குறைந்தது மூன்று முறை வெட்டியிருக்க வேண்டும்.

ஒன்றரை, இரண்டு சென்ட் தரை, அங்கங்கே பத்து இருபது மூக்குத்திப்பூ என்றால் மருந்தே வேண்டாம் என்பதுதான் நேர்மையான பதில். மழை பெய்த மறுநாள் காலையில் சின்னக் கொத்தோடு உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேர வேலை.

முதல் ஒரு நாள்

இலைமேல் அடிக்கும் மருந்து இலைக்குள் இறங்க நேரம் வேண்டும். 2,4-டி உப்பு வகைக்கும் கோரை மருந்துக்கும் நாலு முதல் ஆறு மணி நேரம் மழையில்லாமல் இருக்க வேண்டும். அதற்குள் ஒரு சாரல் விழுந்தால் பாதி கழுவிப்போகும். ஆனி, ஆடியில் குமுளிக் கணவாய் வழியாக இறங்கும் சாரலையும் காற்றையும் அறிந்தவர்கள் அந்த மாதங்களில் டேங்கைத் தொடமாட்டார்கள். கோடை மழை விழுந்து பத்துப் பதினைந்து நாளில் களை மூன்று முதல் ஐந்து இலையோடு கிளம்பி நிற்கும்போது ஒரு வாய்ப்பு. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பின் தையில் இன்னொன்று. சித்திரை வெயிலில் வாடி நிற்கும் களைக்கு அடித்தால் மருந்து உள்ளே இறங்காது. இலை தன் மெழுகுத் தோலைத் தடித்துக்கொண்டு மூடிக்கிடக்கும்.

அடிப்பதற்கு இரண்டு நாள் முன்பும், அடித்தபின் மூன்று நாளும் புல் வெட்டக் கூடாது. முன்பே வெட்டினால் மருந்து விழ இலை இருக்காது. பின்னால் உடனே வெட்டினால் கிழங்குக்குப் போய்க்கொண்டிருந்த மருந்தை வெட்டியெடுத்துக் குப்பையில் போட்டதாகும். இருபத்து நாலு மணி நேரம் தண்ணீரும் விட வேண்டாம். தானியங்கி ஸ்பிரிங்க்ளர் உள்ள விடுதிகளில் விடியற்காலை ஐந்து மணிக்கு அது தானே திறந்து எல்லாவற்றையும் கழுவிவிட்ட கதை நிறைய. அணைத்துவிட்டு அடியுங்கள்.

பெண்டிமெத்தலினுக்கு இது நேர் எதிர். அது மண்ணின் மேல்பரப்பில் ஒரு போர்வை போல் படிய வேண்டும், அதற்குத் தண்ணீர் தேவை. அடித்த ஓரிரு நாளுக்குள் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மழையோ பாசனமோ வேண்டும். சென்டுக்கு நானூறு லிட்டர் கணக்கு. அந்தப் போர்வை இரண்டு முதல் மூன்று மாதம் தாங்கும். அதைக் கொத்திக் கிளறினால் ஓட்டை விழும், ஓட்டையில் களை முளைக்கும்.

குழந்தைகளையும் நாயையும் இலை நன்றாகக் காயும்வரை விட வேண்டாம். ஒரு முழு நாள் என்று வைத்துக்கொள்வது எளிது. மாடு, ஆட்டை விடவே வேண்டாம். வெட்டிய புல்லைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போடும் நல்ல பழக்கம் நம் ஊரில் உண்டு. மருந்தடித்தபின் முதல் நாலு வெட்டுக்கு அதை நிறுத்துங்கள். அந்தப் புல்லைக் கத்தரி, தக்காளிப் பாத்திக்கு மூடாக்காகவும் போடாதீர்கள், மட்குக் குழியிலும் சேர்க்காதீர்கள். 2,4-டியின் மிச்சம் தக்காளி இலையைச் சுருட்ட மிகக் கொஞ்சம் போதும்.

காற்றும் பக்கத்துத் திராட்சையும்

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருளிப்பட்டி, கூடலூர்ப் பக்கம் வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டம் தளிர்விட்டபடி இருக்கும். 2,4-டிக்கு மிக எளிதில் அடிபடும் பயிர்களில் திராட்சை முன்வரிசையில் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத திவலை பந்தல் வரை போனால் போதும். சில நாளில் இளம் இலை விசிறி போல் மடிந்து, நரம்புகள் நெருங்கி, ஓரம் பல்பல்லாகிவிடும். பூக்கும் சமயமென்றால் காய்ப்பிடிப்பே கெடும். முருங்கை, பப்பாளி, பருத்தி, தக்காளி, ரோஜாவுக்கும் இதே ஆபத்து.

எஸ்டர் வகை 2,4-டி இன்னும் மோசம். வெயிலில் ஆவியாகி, அடித்து முடித்த பிறகும் நகரும். உறையில் எஸ்டர் என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு சோடியம் உப்பு அல்லது அமைன் உப்பு கேளுங்கள். காலை ஆறிலிருந்து எட்டுக்குள், தென்னை ஓலை அசையாத நேரத்தில், நாசிலைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு மேல் தூக்காமல், அழுத்தம் குறைத்துப் பெரிய துளியாக அடிக்க வேண்டும். பூச்சி மருந்துக்கு வைத்திருக்கும் கூம்பு நாசில் புகை மாதிரி அடிக்கும், அது இதற்கு ஆகாது. தட்டையாக விசிறும் நாசில் தனியாகக் கிடைக்கிறது, விலை அதிகமில்லை.

டேங்கும் தனியாக இருக்கட்டும். களைமருந்து அடித்த டேங்கை இரண்டு முறை அலசிவிட்டுத் திராட்சைக்கோ ரோஜாவுக்கோ பூச்சி மருந்து அடித்தால், குழாயின் ரப்பரில் ஒட்டியிருந்தது வெளியே வரும். பத்து நாள் கழித்து இலை சுருளும்போது வைரஸ் என்று நினைத்து இன்னொரு மருந்து வாங்குவார்கள். டேங்கின் மேல் சிவப்புப் பெயின்டில் "களை" என்று எழுதி வைத்துவிட்டால் இந்த வம்பே இல்லை.

இரண்டாம் நாள் முதல் இருபத்தோராம் நாள் வரை

அடிக்கும்முன் ஒரு வேலை செய்துவிட்டால் பின்னால் கண்ணையும் மனத்தையும் நம்ப வேண்டியதில்லை. கோரை அதிகமுள்ள இடத்தில் மீட்டருக்கு மீட்டர் நாலு குச்சி அடித்து, உள்ளே எத்தனை கோரைத் தாள் என்று எண்ணி எழுதுங்கள். ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரத்தில் 2,4-டி அடித்த இடத்தில் களை திருகும், கோரை மருந்து அடித்த இடத்தில் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். குமுளி, வண்டிப்பெரியாறு போன்ற மலைமேல் இடங்களில் குளிரும் மேகமூட்டமும் இருந்தால் இதெல்லாம் இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போகும். செடிக்குள் ஓட்டம் மெதுவானால் சாவும் மெதுவாகத்தான் வரும்.

இரண்டாம் வாரம்தான் தரை பார்க்க மோசமாக இருக்கும் காலம். களை பாதி மஞ்சள், பாதி பழுப்பு. புல்லும் லேசாக வெளுத்து வளர்ச்சி மட்டுப்பட்டிருக்கும். சீராக, தரை முழுக்க, ஒரே மாதிரி லேசாக வெளுத்திருந்தால் கவலை வேண்டாம், பத்து முதல் பதினாலு நாளில் பச்சை திரும்பிவிடும். ஒரு அடி அகலத்தில் கோடு கோடாக வெளுத்திருந்தால், அடிக்கும்போது போன தடத்திலேயே மறுபடி போயிருக்கிறீர்கள் என்று பொருள், அங்கே இரட்டை மருந்து விழுந்திருக்கிறது. அதுவும் பெரும்பாலும் மீளும். வட்டமாக, தட்டு அளவில் கருகியிருந்தால் டேங்கைத் தரையில் இறக்கி வைத்தபோது ஒழுகியது. அந்த வட்டம் மீளாது. தரையின் ஓரமும் மேடும் மட்டும் சாம்பல் நீலமாக மங்கி, மிதித்தால் கால்தடம் எழும்பாமல் கிடந்தால் அது மருந்தின் வேலை இல்லை, தண்ணீர்ப் பஞ்சம். இதை மருந்தின் தலையில் போட்டுவிட்டுத் தண்ணீர் விடாமலே இருந்து புல்லைச் சாகவிட்டவர்கள் உண்டு.

இந்த வாரத்தில் யூரியா போட்டுத் தேற்றலாம் என்று தோன்றும். பொறுங்கள். நோயில் கிடப்பவனுக்குக் கறிக்குழம்பு ஊற்றுகிற கதை அது. மூன்றாம் வாரம் புல்லில் புது இலை கண்ட பிறகு சதுர மீட்டருக்கு 5 கிராம், அதாவது சென்டுக்கு 200 கிராம் யூரியாவை மணலோடு கலந்து தூவி, உடனே தண்ணீர் விட்டால் போதும். காய்ந்த இலையில் யூரியா ஒட்டி நின்றால் அதுவே சுடும்.

இருபத்தோராம் நாள் சோதனை செய்யலாம். கோரைத் தாளைப் பிடித்து இழுக்காமல், சின்னக் கொத்தால் நாலு விரல் ஆழம் தோண்டிக் கிழங்கோடு எடுங்கள். கிழங்கைக் கத்தியால் குறுக்கே வெட்டினால் உயிருள்ளது உள்ளே வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும். செத்தது பழுப்பாக, மெத்தென்று இருக்கும். பத்துக் கிழங்கு வெட்டிப் பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும்.

கோரை ஏன் திரும்ப வருகிறது

நாலாம் வாரத்துக்கு மேல் புதிதாகப் பச்சை ஊசி போலக் கோரைக் குருத்து எட்டிப் பார்க்கும். அநேகமாக எல்லாத் தரையிலும் வரும். இதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, காரணம் மண்ணுக்கடியில் இருக்கிறது.

கோரைக் கிழங்குகள் மெல்லிய வேர்க்கம்பியால் மணிமாலை போல் கோத்துக் கிடக்கும். பெரும்பாலானவை மேல் 15 சென்டிமீட்டருக்குள். மாலையின் தலைக்கிழங்கு முளைத்து உயிரோடு இருக்கும்வரை பின்னாலுள்ள கிழங்குகள் பெரும்பாலும் உறக்கத்தில் இருக்கும். நீங்கள் தாளைப் பிடுங்கியோ மண்வெட்டியால் கொத்தியோ மாலையை அறுத்தால், ஒவ்வொரு துண்டும் தானே தலை என்று எழும்பும். "ஒண்ண வெட்டுனா ஒம்பது வருது" என்று தோட்டக்காரர்கள் சலித்துக்கொள்வது வெறும் பேச்சில்லை. மருந்து தலைக்கிழங்கைக் கொல்லும், இரண்டாவது மூன்றாவது கிழங்கையும் ஓரளவு எட்டும். தூங்கிக்கிடந்த கடைசிக் கிழங்குகளுக்குப் போகாது, ஏனென்றால் உறங்கும் கிழங்கு எதையும் உறிஞ்சுவதில்லை. தலை செத்ததும் அவை விழித்துக்கொள்கின்றன. அந்த விழிப்பைத்தான் நாலாம் வாரம் பார்க்கிறீர்கள்.

அந்த ஊசியைக் கண்டதும் அடிக்கவும் கூடாது, பிடுங்கவும் கூடாது. மூன்று முதல் ஐந்து இலை வரட்டும். அதற்கு முன் உணவோட்டம் கிழங்கிலிருந்து மேல்நோக்கித்தான் இருக்கும், மருந்து கீழே இறங்காது. இலை தானே சமைக்கத் தொடங்கி மிச்சத்தைக் கிழங்குக்கு அனுப்பும்போதுதான் மருந்தும் அதோடு சேர்ந்து பயணம் போகும். முதல் அடிக்கும் இரண்டாம் அடிக்கும் இடையில் ஆறு முதல் பத்து வாரம் விடுவது இதனால்தான். குச்சி கட்டத்துக்குள் மறுபடி எண்ணுங்கள். நூறு தாள் இருந்த இடத்தில் முப்பது வந்திருந்தால் நல்ல பலன். பழைய கோரைத் தரைக்கு இரண்டு பருவம் ஆகும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றமில்லை.

எண்ணிக்கை குறையவே இல்லை என்றால் இவற்றைப் பாருங்கள். கோரை இலை வழவழப்பானது, தண்ணீர் முத்தாக உருண்டு விழும். ஒட்டுதிரவம் சேர்க்காமல் அடித்திருந்தால் மருந்து மண்ணுக்குத்தான் போயிருக்கும். லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லி ஒட்டுதிரவம் வேண்டும். சோப்புத்தூள் கரைப்பது அதற்கு ஈடாகாது, கடின நீரில் திரிந்து நாசிலை அடைக்கும். அடுத்தது தண்ணீர். உப்பேறிய போர்வெல் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து 2,4-டி உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழைநீரோ குடிநீர்க் குழாய் நீரோ நல்லது. மூன்றாவது, பழைய பாக்கெட். பிரித்து வைத்த குருணை ஈரம் பட்டுக் கட்டியாகியிருந்தால் அளவும் நம்ப முடியாது, வீரியமும் நம்ப முடியாது.

செத்த களை விட்டுப்போன இடம்

இதற்கு யாரும் கொடுக்கும் கவனம் போதாது. அகன்று படர்ந்த ஒரு மூக்குத்திப்பூச் செடி செத்தால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மண் தெரியும். அந்த மண்ணில் வெளிச்சம் விழுந்ததும், அதுவரை உறங்கிய விதைகள் பத்துப் பதினைந்து நாளில் முளைக்கும். "களைக்கு மருந்தடித்தேன், வேற களை வந்துருச்சு" என்பது இதுதான்.

அருகம்புல் என்றால் ஓடுதண்டு விட்டு ஒரு மாதத்தில் தானே மூடிக்கொள்ளும். கொரியன் புல் மகா சோம்பேறி, ஒரு சாண் திட்டை மூடவே மாதக்கணக்கு ஆகும். ஓரத்திலிருந்து இரண்டு அங்குலக் கட்டிகளாகப் பெயர்த்து, திட்டில் நாலு அங்குல இடைவெளியில் பதித்து, காலால் அழுத்தித் தண்ணீர் விடுங்கள். கட்டி எடுக்கும் இடத்தில் கோரை இல்லை என்று பார்த்து எடுக்க வேண்டும். பெண்டிமெத்தலின் அடித்திருந்தால் அந்த இரண்டு மூன்று மாதத்தில் புல் விதை தூவினால் அதுவும் முளைக்காது. பதியனும் வேர்விடத் திணறும்.

மேலே மண் பரப்புவதென்றால் அரை சென்டிமீட்டர் போதும், சென்டுக்கு ஏழு கன அடி வரும். பிரச்சினை அளவில் இல்லை, மண்ணில். லாரியில் வரும் செம்மண்ணிலும், சரியாக மட்காத சாணத்திலும்தான் அடுத்த வருடக் களை வந்து இறங்குகிறது. சாணத்தைப் பிசைந்தால் வைக்கோல் தெரிந்தாலோ சூடு இருந்தாலோ போடாதீர்கள். நர்சரியில் வாங்கும் கொரியன் பாயின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மிளகு முதல் கொண்டைக்கடலை அளவில் கறுப்புக் கிழங்கு தென்பட்டால் அந்தப் பாயை இறக்கவே விடக் கூடாது.

தண்ணீரும் வெட்டும் கடைசி விஷயம். தினமும் பத்து நிமிடம் தெளிப்பது கோரைக்கு விருந்து. வாரத்துக்கு இரண்டு முறை ஆழமாக விட்டால் புல்லின் வேர் கீழே போகும். ஒழுகும் குழாயடி, ஸ்பிரிங்க்ளர் மூட்டு, ஏசி தண்ணீர் சொட்டும் இடம் என்று கோரை திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்தால், மருந்துக்கு முன் பிளம்பரைக் கூப்பிடுங்கள். கொரியன், அருகம்புல் என்றால் மூன்று சென்டிமீட்டர் உயரம், பஃபலோ என்றால் ஐந்து முதல் ஏழு. ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மொட்டையடித்தால் மண்ணில் வெயில் விழும், விதை முளைக்கும். களை பூத்த இடத்தைக் கடைசியாக வெட்டி, மெஷினின் அடித்தட்டைக் கழுவி வையுங்கள். மூக்குத்திப்பூ விதைக்குப் பஞ்சு இறகு உண்டு, மெஷின் போகும் இடமெல்லாம் அதுவும் போகும்.

ஹாலோசல்ஃபியூரானோ மெட்சல்ஃபியூரானோ அடித்த இடத்தைப் புல்லைப் பெயர்த்துவிட்டுக் காய்கறிப் பாத்தியாகவோ பூச்செடிப் பாத்தியாகவோ மாற்ற எண்ணினால் குறைந்தது ஒரு பருவமாவது தள்ளிப்போடுங்கள். மண்ணில் மிச்சம் தங்கும். காரத்தன்மையுள்ள மண்ணில் மெட்சல்ஃபியூரான் இன்னும் மெதுவாகத்தான் சிதையும். வேலியோர மா, எலுமிச்சையின் வேர் புல்லுக்கடியில் ஓடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். மரத்தடி நிழல் வட்டத்துக்குள் மருந்தை விட்டுவிட்டுக் கையால் எடுப்பது நல்லது.

மிச்ச மருந்தை அதன் சொந்தப் பாக்கெட்டிலேயே கட்டி, பூட்டிய அலமாரியில் வையுங்கள். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஒருபோதும் வேண்டாம். டேங்க் அலசிய தண்ணீரைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ கொட்டாமல், மருந்தடித்த அதே தரையில் பரவலாக அடித்துத் தீர்த்துவிடலாம். காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றி, டப்பாவில் ஓட்டை போட்டுவிட்டால் அதை வேறு யாரும் அரிசி அளக்க எடுத்துப்போக முடியாது.